பெட்டியின் அரங்கேற்றம்

“கீழ வை! இப்பவே கீழ வை!”

செல்லப்பா போட்ட சத்தத்தில் மிருதங்கக்காரர் தாளத்தை விட்டார். மேடையில் ஆடிக்கொண்டிருந்த ஒன்பது பேரும் நின்றார்கள். நடுவில் இருந்த கங்கா மட்டும், தலையில் ஒரு பெட்டியோடு, அரைமண்டியிலிருந்து எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், “அப்பா!” என்று பல்லைக் கடித்தாள்.

செல்லப்பாவின் கையில் பெரிய சாயா ஃபிளாஸ்க் இருந்தது. அவர் வந்த வேலை அதுதான். அந்த ஹாலில் சாயாக்கடை போட்டிருந்த காளி, ஆயுத பூஜை முடிந்த கையோடு பெண்டாட்டியின் பிரசவத்துக்கென்று சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டான். ஒத்திகைக்காரர்களுக்கு வாய் நனைக்க வழியில்லை. “நம்ம பிள்ளையைச் சேர்த்திருக்காக, இது கூடச் செய்யாட்டி எப்படி?” என்று ஆவுடையம்மாள்தான் வீட்டிலிருந்து சாயா போட்டுப் புருஷனிடம் கொடுத்தனுப்பினாள்.

வந்த இடத்தில் சாயாவை வைத்துவிட்டுப் போகிற ஆளா செல்லப்பா? கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுச் சுமட்டுத் தொழிலாளர் யூனியனின் கன்வீனர் அவர். பன்னிரண்டாம் நம்பர் கார்டு. இருபத்தாறு வருஷமாகச் சுக்கும் மிளகும் சுமந்த கழுத்து. அவருடைய எல்லைக்குள் எந்தச் சுமையானாலும் யூனியன் கார்டு உள்ளவன்தான் தூக்க வேண்டும். போன மாதம், மாமனார் கொடுத்த பீரோவைத் தானே தூக்கி உள்ளே வைக்கப் பார்த்த புது மாப்பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்தி, மூன்று மணி நேரம் நியாயம் பேசியவர்.

அப்படிப்பட்டவரின் மகள் இப்போது அவர் கண் முன்னாலேயே சுமை தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

தனியாக வந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்காத மாதிரி சாயாவை வைத்துவிட்டுத் திரும்பியிருப்பார். ஆனால் வெள்ளைக்காரி ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று கூடவே முத்துராமலிங்கம் வந்திருந்தான். அவன் யூனியனின் செயலாளர். ரூல் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தூங்குகிற ஜாதி.

“அண்ணாச்சி, சுமை மாதிரி தெரியுதே” என்றான் முத்துராமலிங்கம்.

“அதாம்ல சத்தம் போட்டேன்” என்றார் செல்லப்பா. வேறு என்ன சொல்ல முடியும்?

கனகாம்பாள் டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கங்காவுக்கு ஒன்பது வயதிலிருந்து பரதம் சொல்லிக்கொடுத்தவள். “செல்லப்பா, நோக்கு என்ன கிறுக்கா? இது நடனமாக்கும்!”

“டீச்சர், தலையில இருக்குல்லா? தலையில இருந்தா சுமைதான்.”

“லண்டனிலிருந்து வந்திருக்கா ஹில்டா மேடம். பத்து தேசம், ஆறு மாசம் டூர். பாதி பரதம், பாதி நவீனம். எல்லாரும் மெட்ராஸிலும் லண்டனிலும் இருந்து வந்த பெரிய டான்சர்கள். ஒரே ஒரு இடம் பாக்கி. இங்கே முதல் நிகழ்ச்சியில் கங்கா நன்னா ஆடினா, அந்த இடம் அவளுக்கு. இல்லைன்னா மேடம் மெட்ராஸிலேர்ந்து வேற பெண்ணை வரவழைச்சுடுவா. கேட்டியோ?”

செல்லப்பா கேட்டார். நன்றாகவே கேட்டார். வீட்டில் ஒரு வாரமாக ஆவுடையம்மாள் இதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

“அப்ப பெட்டி இல்லாம ஆடட்டுமே, டீச்சர்.”

“மேடத்தோட பெட்டிதான் ஆட்டமே! மேடம் முதல் நாள் மேடை ஏறினதும் என்ன செஞ்சா தெரியுமோ? நடராஜரைக் கும்பிட்டா, குத்துவிளக்கைக் கும்பிட்டா, அப்புறம் அந்தப் பெட்டியையும் கும்பிட்டா. எல்லாரையும் பெட்டியைச் சுத்தி உட்கார வச்சுக் கண்ணை மூடச் சொன்னா.”

“பெட்டியை எதுக்குக் கும்பிடணும்?”

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “நவீனத்துல அப்படித்தான்!” என்றாள். இப்படி ஒரு பதிலுக்கு மேல் யாரும் கேள்வி கேட்க முடியாது என்பதால், ஒரு வாரமாக அவள் எல்லாவற்றுக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்லப்பா மேடையேறிப் பெட்டியைப் பார்த்தார். தேயிலை வருகிற பெட்டி. ஓரங்களில் தகரம் அடித்தது. மட்டாஞ்சேரியில் துணி வைக்க, அரிசி வைக்க, கோழி அடைக்க என்று வீட்டுக்கு வீடு கிடக்கும். இதற்கு மேலே கயிறு இறுக்கிக் கட்டி, முன்பக்கம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. ‘பரவாயில்லையே, வெள்ளைக்காரி பொட்டு வைக்கிற வரைக்கும் படிச்சிட்டு வந்திருக்கா’ என்று நினைத்துக்கொண்டார்.

ஹில்டா மேடம் ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, குச்சி மாதிரி உடம்பு, கையில் எந்நேரமும் ஒரு நோட்டு. அவளுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. செல்லப்பா பெட்டியைத் தொட்டதும் அவள் கைகூப்பினாள். பிறகு நோட்டில் எதையோ எழுதினாள்.

முதல் யோசனை முத்துராமலிங்கம் கொடுத்தது. “பெட்டியை ஏத்தி விடுறதும் இறக்கி வைக்கிறதும் நம்ம ஆளு செய்யட்டும். பாப்பா வெறுமனே ஆடட்டும்.”

எல்லோருக்கும் நிம்மதி. செல்லப்பாவே பெட்டியைத் தூக்கி மகள் தலையில் வைத்தார். மிருதங்கம் தொடங்கியது. கங்கா நாலு அடி நகர்ந்திருப்பாள்.

“நிக்கட்டும்!” என்றான் முத்துராமலிங்கம்.

“இப்ப என்னல?”

“ஏத்தினது யூனியன். இறக்கப் போறது யூனியன். நடுவுல சுமந்துக்கிட்டுப் போறது யாரு, அண்ணாச்சி? நாளைக்கே மிளகு முதலாளி, ‘ஏத்தி இறக்க மட்டும் நீங்க வாங்க, நடக்கிறது என் ஆளு’ன்னா என்ன சொல்லுவீங்க?”

நியாயம்தான். கேடுகெட்ட நியாயம். செல்லப்பாவுக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, பாராட்டலாம் போலவும் இருந்தது. அவன் வாயில் வந்தது முழுக்க அவரே சொல்லிக்கொடுத்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் கங்கா சாப்பிடவில்லை. “அப்பா, எனக்கு இது ஒரு சான்ஸ்தான். இனிமே ஒண்ணு வராது. நான் போயே தீருவேன்” என்றாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் செல்லப்பா சமாதானம் சொல்லியிருப்பார். அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“போலாம்மா. அப்பா வழி பண்ணுதேன். வழி பண்ணாம விடமாட்டேன்” என்றார்.

மறுநாள் அவர் கண்டுபிடித்த வழி: பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவரே மேடையில் வருவது. கங்கா அவரைச் சுற்றி ஆடுவாள். பெட்டியும் மேடையில் இருக்கும், யூனியனும் இருக்கும். டீச்சர் மேடத்திடம் கையைக் காலை ஆட்டி விளக்கினாள். மேடம் தலையசைத்தாள்.

செல்லப்பா சும்மாடு கட்டினார். பெட்டியை ஏற்றினார். உள்ளே கிண்கிண்ணென்று ஏதோ சத்தம் கேட்டது. மிருதங்கம் முழங்கியது. செல்லப்பா மூச்சை இழுத்துப் பிடித்து நடக்க ஆரம்பித்தார்.

தலையில் சுமை ஏறினால் கால் தன்பாட்டுக்கு நடக்கும், கண் நேரே பார்க்கும், காது அடைத்துக்கொள்ளும். இருபத்தாறு வருஷப் பழக்கம், என்ன செய்வது? மேடையின் இந்த ஓரத்தில் ஏறியவர் அந்த ஓரத்தில் படி இறங்கினார். ஹால் வாசலைத் தாண்டினார். பஜார் ரோட்டில் திரும்பினார். கங்கா மேடையிலேயே ஆடி நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெட்டியைச் சுற்றித்தான் ஆட வேண்டும் என்று சொல்லியிருந்ததால், சலங்கையோடு அவளும் ஆடிக்கொண்டே பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் மிருதங்கக்காரர், டீச்சர், மேடம்.

சுக்குக் கிடங்கில் வழக்கமான மூலையில் பெட்டியை இறக்கி வைத்துத் துண்டை உதறிய பிறகுதான் செல்லப்பாவுக்கு நினைவு வந்தது. திரும்பினால், கிடங்கு வாசலில் கங்கா ஒற்றைக் காலைத் தூக்கி நிற்கிறாள். சுமட்டுக்காரர்கள் முப்பது பேர் கை தட்டுகிறார்கள்.

“பின்னே, இதுக்கு நான் எதுக்கு அரங்கேற்றம் பண்ணினேன்?” என்று கங்கா கேட்டாள்.

மேடத்துக்கு அந்த நடை பிடித்திருந்தது. நாலு பக்கம் எழுதினாள். ஆனால் பெட்டி கங்காவின் தலையில்தான் இருக்க வேண்டும் என்று டீச்சர் மூலம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “ஏன்னு கேட்டீங்களா?” என்றார் செல்லப்பா.

“கேட்டா, இது கூடத் தெரியாதான்னு நினைச்சுக்குவா. நவீனத்துல அப்படித்தான்.”

மூன்றாவது வழி ரூல் புத்தகத்திலேயே இருந்தது. பதினைந்து கிலோவுக்குக் கீழே இருந்தால் அது சுமை இல்லை, கைப்பொருள். யாரும் தூக்கலாம். செல்லப்பா துள்ளிக் குதித்தார். மிளகு நிறுக்கிற தராசு கிடங்கிலேயே இருந்தது. பெட்டியை ஏற்றினார்கள்.

இருபத்திரண்டு கிலோ.

முன்பாவது வெறும் சந்தேகமாக இருந்தது. இப்போது தராசில் ஏறி நிச்சயமாகிவிட்டது. முத்துராமலிங்கம் தேதி போட்டு எழுதிக்கொண்டான்.

“கயிற்றை அவிழ்த்து, உள்ளே இருக்கிறதுல எட்டு கிலோவை எடுத்து வெளியே வச்சிட்டா?” என்று கேட்டாள் ஆவுடையம்மாள். அன்று சாயா கொண்டு வந்தது அவள்தான்.

செல்லப்பாவும் முத்துராமலிங்கமும் அவளை ஒரே மாதிரி பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: “கட்டைப் பிரிச்சுப் பாக்கிறது நம்ம தொழில் இல்ல.”

யூனியனின் முதல் ரூல் அது. சுமக்கிறவன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. முதலாளி சுக்கு என்றால் சுக்கு. ஒன்றும் சொல்லாவிட்டால் வெறும் சுமை. அந்த நேர்மையினால்தான் பஜார் ரோட்டில் இவர்களை நம்பிக் கிடங்குச் சாவியையே கொடுக்கிறார்கள். அதிலும் இது பிறத்தியார் பெட்டி, பொட்டு வேறு வைத்திருக்கிறது. ஆவுடையம்மாள் கயிற்றின் பக்கம் கையைக் கொண்டுபோனதுமே ஹில்டா மேடம், “நோ! நோ!” என்று ஓடிவந்து குறுக்கே நின்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நிகழ்ச்சிக்கு நாலு நாள். மெட்ராஸில் ஒரு பெண்ணுக்குத் தந்தி கொடுக்கச் சொல்லி மேடம் கேட்பதாக டீச்சர் வந்து சொன்னாள். கங்கா எழுந்து, சலங்கையைக் கட்டிக்கொண்டு, பெட்டி இல்லாமல் தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கி, பெட்டி இருப்பது போலவே ஒன்றரை மணி நேரம் ஆடினாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

செல்லப்பாவால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. வீட்டுக்குப் போனார்.

“ரூல் நீங்க போட்டது” என்றாள் ஆவுடையம்மாள். “அவுக்கிறதும் நீங்கதான்.”

“ரூலை அவுத்தா நாளைக்கு முப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்ளா.”

“ரூலை அவுக்க வேண்டாம். ரூலுக்குள்ளயே ஒரு வாசல் இருக்கான்னு பாருங்க. இருபத்தாறு வருசம் ஊரார் சுமையெல்லாம் தூக்குனீங்க. பெத்த பிள்ளைக்கு ஒரு பெட்டி தூக்கிக்க வழி சொல்லத் தெரியலியா?”

செல்லப்பா அன்று மத்தியானமே யூனியன் ஆபீசுக்குப் போய் அவசரக் கூட்டம் போடச் சொன்னார். முப்பது பேரும் வந்தார்கள்.

“கார்டு இருந்தாத்தானே தூக்கலாம்? என் மகளுக்குக் கார்டு குடுங்க” என்றார்.

சிரிப்பு கிளம்பியது. “பொம்பளைக்கு யூனியன் நீலச் சட்டையா?” என்று ஒருவன் கேட்டான். “வெயிட்டிங் லிஸ்ட்ல பதினாலு பேர் இருக்கான்” என்றான் இன்னொருவன்.

“வாரிசுக்கு லிஸ்ட் கிடையாது” என்றார் செல்லப்பா. “கார்டுக்காரன் தன் கார்டை வாரிசுக்கு மாத்திக் குடுக்கலாம். பன்னிரண்டாம் நம்பரை நான் கங்காவுக்கு எழுதித் தாறேன்.”

சிரிப்பு நின்றது. கார்டு போனால் செல்லப்பா சுமை தொட முடியாது. கன்வீனர் பதவியும் போகும். ஐம்பது வயதில் வெயிட்டிங் லிஸ்டில் பதினைந்தாவது ஆளாக நிற்க வேண்டும். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

“வாரிசுன்னா ஆம்பளைப் பிள்ளைதானே?” என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

எல்லோரும் முத்துராமலிங்கத்தைப் பார்த்தார்கள். அவன் புத்தகத்தை எடுத்தான். அந்தப் பக்கத்தை மூன்று தரம் படித்தான். “வாரிசுன்னுதான் போட்டிருக்கு. ஆம்பளைன்னு போடல. போடாததை என்னால வாசிக்க முடியாது” என்றான். பிறகு, “ஆனா பரீட்சை உண்டு” என்றான். இவனைப் பெற்றவளுக்குத்தான் கோவில் கட்ட வேண்டும்.

பரீட்சை என்றால், சுக்கு மூட்டை ஒன்றைக் கிடங்கிலிருந்து படகுத்துறை வரைக்கும் நிற்காமல் சுமக்க வேண்டும். மறுநாள் காலை பஜார் ரோடே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. கங்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூட்டை ஏறியதும் முதல் அடியில் கால் தடுமாறியது. செல்லப்பா கண்ணை மூடிக்கொண்டார். “தையா தை, தையா தை” என்று கனகாம்பாள் டீச்சர் நடுரோட்டில் ஜதி சொல்ல ஆரம்பித்தாள். கங்காவின் கால் தாளத்தைப் பிடித்தது. அப்புறம் அவள் நிற்கவே இல்லை. படகுத்துறையில் மூட்டையை இறக்கிய பிறகும் நாலு அடி கூடுதலாகப் போய்த்தான் நின்றாள்.

முத்துராமலிங்கம் கார்டில் பெயரை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டான். செல்லப்பா நீலச் சட்டையைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். பனியனோடு வீட்டுக்கு நடந்தார்.

பிரச்சினை அதோடு முடிந்ததா? நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது முத்துராமலிங்கம் மேடைக்குப் பின்னால் வந்து, “யூனிஃபார்ம் இல்லாம சுமை தூக்கக் கூடாது, பாப்பா” என்றான். கங்கா பட்டு உடைக்கு மேலே அப்பாவின் நீலச் சட்டையைப் போட்டு, கையை மடித்து, கார்டைப் பையில் வைத்துக்கொண்டாள். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். ஹில்டா மேடம் கைகூப்பினாள், நோட்டில் எழுதினாள்.

செல்லப்பா மகளுக்குச் சும்மாடு கட்டிவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் தனக்குக் கட்டிக்கொண்ட எந்தச் சும்மாடும் அத்தனை ஒழுங்காக வந்ததில்லை. “கழுத்தை விறைப்பா வச்சுக்காத. மூச்சை வயித்துல பிடி” என்றார். “சரி அப்பா” என்றாள் அவள்.

அன்று கங்கா ஆடின ஆட்டத்தை நான் எழுதி உங்களுக்குக் காட்ட முடியாது. கப்பலும் கடலும் சரக்கும் என்று என்னவோ கதை. லண்டன்காரர்கள் தரையில் உருண்டார்கள், மெட்ராஸ்காரர்கள் அலாரிப்பு ஆடினார்கள். நடுவில் நீலச் சட்டையும் சலங்கையுமாகக் கங்கா பெட்டியைச் சுமந்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் பெட்டிக்குள் இருந்து கிண்கிண்ணென்று பதில் வந்தது. முன்வரிசையில் முப்பது நீலச் சட்டைகள் எழுந்து நின்றன. செல்லப்பா வெட்கமில்லாமல் அழுதார்.

திரை விழுந்ததும் மேடம் கங்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த இடம் அவளுக்குத்தான்.

அப்புறம் பாஸ்போர்ட், ஸ்வெட்டர், ஆவுடையம்மாளின் ஊறுகாய் என்று ஆறு வாரம் ஓடியது. கங்காவும் பெட்டியும் கப்பல் ஏறினார்கள். செல்லப்பா தினமும் காலையில் பஜார் ரோட்டுக்கு வந்து, வெயிட்டிங் லிஸ்ட் ஆட்களோடு கடைசியில் உட்கார்ந்தார். புதுக் கன்வீனர் முத்துராமலிங்கம். “அண்ணாச்சி, சுமையைத் தொடக் கூடாது” என்று அவன் தினமும் மரியாதையாகச் சொல்வான். “தெரியும்ல” என்பார் அவர். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். மூட்டை போகும்போதெல்லாம் கழுத்து மட்டும் தன்பாட்டுக்கு விறைக்கும்.

பிப்ரவரியில் லண்டனிலிருந்து கடிதம் வந்தது.

கங்கா படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். அவளுக்குத் தமிழ் எழுத வராது. செல்லப்பாவுக்குத் தமிழ் தவிர வேறு எழுத்து தெரியாது. ஆவுடையம்மாளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, தெருவில் காளி வந்தான். நாலு மாசம் கழித்து அன்று காலைதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தான்.

“அண்ணாச்சி, பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு. அப்புறம், உங்ககிட்ட ஒரு விசயம் கேக்கணும்னு…”

“ரொம்ப சந்தோசம்ல. விசயத்தை அப்புறம் கேளு. நீ மலையாளப் பத்திரிகை படிப்பேல்லா? முதல்ல இதைப் படி.”

காளி உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தான். மலையாளத்தில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனான்.

“‘அப்பா, அம்மா, நான் சுகம். இங்கே குளிர் எலும்பில் இறங்குகிறது. ஊறுகாய் தீர்ந்துவிட்டது. நிகழ்ச்சி பெரிய வெற்றி. முதல் நாள் இங்கேயும் மேடைத் தொழிலாளர் யூனியன் வந்து, பெட்டியை அவர்கள்தான் தொட வேண்டும் என்றார்கள். நான் நம்முடைய கார்டைக் காட்டினேன். ஒருத்தர் வாங்கி ரெண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வழிவிட்டார்.’”

செல்லப்பா துள்ளி எழுந்துவிட்டார். “கேட்டியாளா? லண்டன்! லண்டன்ல நம்ம கார்டு!” ஆவுடையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “பன்னிரண்டாம் நம்பர் வீணாப் போகல” என்றாள்.

“மேல படிடா!”

“‘ஒரே ஒரு குழப்பம். பத்திரிகைக்காரர்கள் பெட்டிக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார்கள். மேடத்தைக் கேளுங்கள் என்றேன். மேடம் சொன்னார்: மட்டாஞ்சேரி மக்களுடைய சாமிப் பெட்டி அது. நான் போனபோது விளக்குக்குப் பக்கத்தில் சந்தனம் வைத்துப் பூஜையில் இருந்தது. யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். தலைமுறை உரிமை உள்ளவர்கள்தான் தொடலாம். ஒரு தகப்பன் அந்த உரிமையையே மகளுக்குத் தானம் செய்து எங்களோடு அனுப்பினார். அப்படிச் சொல்லி மேடம் அழுதுவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அப்பா. பெட்டி மேடத்துடையது என்றுதானே நாம் நினைத்தோம்?’”

செல்லப்பா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். “அவளோடது இல்லையா?” என்றார். “அப்ப… டீச்சரோடதா?”

“டீச்சர்தான் மேடத்தோடதுன்னாக” என்றாள் ஆவுடையம்மாள்.

காளியின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “‘கப்பலில் ஏற்றும்போது ஒரு அதிகாரி மட்டும் தனியாகத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே கயிற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டார். உள்ளே கேட்கிற கிண்கிணிச் சத்தம் கடலின் சங்கீதம் என்று இங்கே ஒரு பத்திரிகை எழுதியிருக்கிறது. அடுத்து பாரிஸ். இப்படிக்கு, கங்கா.’”

காளி கடிதத்தை மடித்தான். இன்னொரு தரம் மடித்தான். செல்லப்பாவின் கையில் கொடுத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

செல்லப்பா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். “அது கிடக்கட்டும். நீ என்னமோ கேக்கணும்னு வந்தியே, என்னல?”

“ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சு, சாமி பக்கத்துல வச்சிட்டுப் போன என் சாயா கிளாஸ் பெட்டியைக் காணோம். நம்ம எல்லைக்குள்ள யூனியனுக்குத் தெரியாம எவன் தூக்கியிருக்க முடியும்னுதான் கேக்க வந்தேன்.”